டிசெம்பர் விடுமுறை: சனநெரிசலில் சிறுவரின் மகிழ்ச்சியும் பாதுகாப்பும்

டிசெம்பர் மாதம் பிறந்துவிட்டால் முந்தல் பிரதேசத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. மழையினால் குளங்களும் களப்பும் நிரம்பி நிற்கின்றன. மேற்குக் கரையில் கடல் அடங்கி, உடப்புக் கடற்கரையில் கரைவலைகள் இழுக்கப்படுகின்றன. சிலாபம் முதல் கற்பிட்டி வரையிலான கத்தோலிக்கக் கிராமங்களில் பாலன் குடில்களும் நட்சத்திர விளக்குகளும் எழுகின்றன. பாடசாலைகள் மூடப்பட, கொழும்பு - புத்தளம் வீதியில் அதிகாலை வேளையிலேயே சிறுவர்களை ஏற்றிய வான்களும் பஸ்களும் தெற்கு நோக்கி விரைகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை செல்லுமிடம் மிருகக்காட்சிச்சாலையாகவோ, கடற்கரையாகவோ, கேளிக்கைப் பூங்காவாகவோ இருக்கும்.

இப்பயணங்கள் நத்தாரைக் கொண்டாடும் குடும்பங்களுக்கு மட்டும் உரியவையல்ல. இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் எமது பகுதியில், அயலவரின் பெருநாளும் ஊர் முழுவதற்குமான விடுமுறையாகவே அமைந்துவிடுகின்றது. கொவிட்-19 தொற்றுக்குப் பின்னர் பாடசாலைத் தவணைகளின் திகதிகள் முன்பின்னாக மாறியிருந்தாலும், முஸ்லிம் பாடசாலைகள் ரமழானை அனுசரித்துத் தமக்கெனத் தனியான தவணை அட்டவணையைக் கொண்டிருந்தாலும், நத்தாரை அண்டிய ஒரு சில நாட்களில்தான் பெற்றோரின் ஓய்வும் பிள்ளைகளின் ஓய்வும் ஒன்றுசேர்கின்றன. நாடெங்குமுள்ள குடும்பங்கள் ஒரே வாரத்தில், ஒருசில இடங்களை நோக்கியே புறப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

இவ்வாறு புறப்படுவதில் தவறேதும் இல்லை. ஆயினும் ஐந்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்நாள் யாருடைய அளவுக்கு ஏற்றதாகத் திட்டமிடப்படுகின்றது என்ற வினாவைத் தமக்குள் எழுப்பிப் பார்ப்பது அவசியமாகும். செலவழித்த பணத்தின் அளவுக்கா, அல்லது அச்சிறு பிள்ளையின் கால்களின் அளவுக்கா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் விடயமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நத்தாருக்கு மறுதினம், எமது அயலிலுள்ள மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்றோம். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்ட நாம், நெரிசலான வீதிகளைக் கடந்து சென்றடைந்தபோது முற்பகல் பத்து மணியைத் தாண்டிவிட்டது. நுழைவாயிலில் ஒரு மணித்தியாலம் கழிந்தது. வீட்டிலிருந்து கொண்டுசென்ற சோற்றுப் பொதிகளை உள்ளே எடுத்துச்செல்ல அனுமதி கிடைக்கவில்லை. உள்ளே நுழைந்த பின்னர், மூத்த பிள்ளைகள் விரும்பிய சாதனங்களுக்கு முன்னால் நீண்ட வரிசைகளும், இளைய பிள்ளைகளுக்கு உயரம் போதாது என்ற அறிவித்தல்களுமே எம்மை வரவேற்றன. பிற்பகல் இரண்டு மணியளவில் எம்முடன் வந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் காணவில்லை.

கால் மணித்தியாலத்தின் பின்னர் அவன் கிடைத்தான். ஐஸ்கிறீம் கடையொன்றின் அருகே, சிங்களத் தாயொருவர் அவனைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து அமர்த்தி வைத்திருந்தார். அவர் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை. அவன் "வாப்பா" என்று அழுததைத் தவிர வேறெதுவும் அவருக்கு விளங்கவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தல் செய்யப்பட்டதாகப் பின்னர் அறிந்தோம். ஆனால் அது தமிழில் செய்யப்படவில்லை. அந்தக் கால் மணித்தியாலத்தில் அவனுடைய பெற்றோர் பட்ட துயரத்தை எழுத்தில் வடிக்க முடியாது. அன்றைய தினத்தின் புகைப்படங்களில் இன்றும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் நிற்கின்றனர். அச்சிறுவனுக்கோ அப்பயணத்தில் நினைவில் நிற்பது, பெரியவர்களின் கால்கள் மட்டுமே தெரிந்த அந்தக் கூட்டம்தான்.

வரிசை எவ்வாறு நீள்கின்றது?

கேளிக்கைப் பூங்கா என்னும் இக்கால வடிவம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாந்துடன் உலகெங்கும் புகழ்பெற்றது எனலாம். அதன் திறப்புவிழா நாளிலேயே போலி நுழைவுச்சீட்டுகளுடன் பெருந்தொகையானோர் உட்புகுந்து நெரிசலை ஏற்படுத்தியமை வரலாறாகும். அதாவது, கேளிக்கைப் பூங்காவும் சனநெரிசலும் ஒரே நாளில் பிறந்தவை. இன்று இலங்கையிலும் அவிசாவளை வீதியிலுள்ள லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையிலுள்ள பேர்ல் பே போன்ற பூங்காக்கள் இயங்குகின்றன. முந்தலிலிருந்து இவை மூன்று, நான்கு மணித்தியாலப் பயணத் தொலைவில் உள்ளன. 1936 ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் பொறுப்பில் இயங்கிவரும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் விடுமுறைக் காலங்களில் இதே நெரிசலைச் சந்திக்கின்றது.

இத்தகைய இடங்களில் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று. அது ஒரு கணக்காகும். டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்ற கணிதவியலாளர், தொலைபேசி அழைப்புகள் தொடர்பாக 1909 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வே வரிசைகள் பற்றிய விஞ்ஞானத்துக்கு அடித்தளமிட்டது. அதன் சாரத்தை எளிய உதாரணமொன்றின் மூலம் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு சாதனத்தில் ஒரே தடவையில் 24 பேர் ஏறலாம் என்றும், ஏறி, சுற்றி, இறங்குவதற்கு 4 நிமிடங்கள் செல்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் 15 சுற்றுகள். ஆகவே 360 பேர். மணித்தியாலத்துக்கு 300 பேர் மட்டுமே அதனை நாடி வந்தால் வரிசை பெரிதாக வளராது. 400 பேர் வந்தால், ஒவ்வொரு மணித்தியாலமும் 40 பேர் மிஞ்சுவர். ஐந்து மணித்தியாலங்களின் பின்னர் 200 பேர் வரிசையில் நிற்பர். புதிதாக வருபவர் அரை மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஆனால் 540 பேர் வந்தால் நிலைமை முற்றாக மாறிவிடும். மணித்தியாலத்துக்கு 180 பேர் மிஞ்சுவர். ஐந்து மணித்தியாலத்தில் அது 900 பேராகும். காத்திருக்கும் நேரமோ இரண்டரை மணித்தியாலமாகும். வருகை 400 இலிருந்து 540 ஆக, மூன்றில் ஒரு பங்களவில் கூடியபோது, காத்திருப்பு நான்கு மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. "கூட்டம் கொஞ்சம்தான் கூட இருக்கும்" என்று எண்ணிச் செல்லும் குடும்பம் ஏமாறுவது இந்த இடத்திலேயாகும்.

இன்னொரு வகையிலும் இதனை நோக்கலாம். இத்தகைய ஆறு சாதனங்களைக் கொண்ட பூங்காவொன்று மணித்தியாலத்துக்கு 2,160 பேரை ஏற்றியிறக்க வல்லது. உள்ளே 1,500 பேர் இருப்பின், ஆறு மணித்தியால நேரத்தில் ஒருவருக்குச் சராசரியாக எட்டுத் தடவைகளுக்கு மேல் வாய்ப்புக் கிடைக்கும். 3,000 பேர் இருப்பின் நான்கு தடவைகளே கிடைக்கும். நுழைவுக் கட்டணம் இரு நாட்களிலும் ஒன்றாக இருப்பினும், நெரிசலான நாளில் அதே பணத்துக்குக் கிடைப்பது பாதிதான். கட்டணம் செலுத்தும் தந்தையர் நுழைவாயிலில் விலைப்பட்டியலைப் பார்க்கின்றனர். வாகனத் தரிப்பிடத்தைப் பார்ப்பதில்லை. உண்மையான விலை வாகனத் தரிப்பிடத்திலேயே தெரியும்.

காத்திருப்பின் உளவியலும் கவனத்துக்குரியது. முகாமைத்துவ அறிஞரான டேவிட் மெய்ஸ்டர் 1985 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், வேலையின்றிக் காத்திருக்கும் நேரமும், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருக்கும் நேரமும், நியாயமற்றதெனத் தோன்றும் காத்திருப்பும் உள்ளதைவிட நீண்டதாக உணரப்படும் என எடுத்துக்காட்டினார். இம்மூன்றும் சிறு பிள்ளைக்கு ஒருங்கே நேர்கின்றன. அதற்குக் கடிகாரம் தெரியாது. "இன்னும் சற்று நேரம்" என்பதன் பொருளும் தெரியாது. மேலும், 1999 இல் டிஸ்னி பூங்காக்கள் வரிசையில் நில்லாமல் குறித்த நேரத்தில் வந்து ஏறும் அனுமதியை இலவசமாக வழங்கத் தொடங்கின. அமெரிக்காவிலுள்ள அப்பூங்காக்களில் 2021 முதல் அவ்வசதிக்குக் கட்டணம் அறவிடப்படுகின்றது. பணமுள்ளவர் முந்திச் செல்வதையும் தாம் பின்னால் நிற்பதையும் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கின்றது என்பதைப் பெரியவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

ஒரு மீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால்

நெரிசலை நாம் எமது கண் மட்டத்திலிருந்தே அளவிடுகின்றோம். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றராகும். அதன் கண் வளர்ந்தவரின் இடுப்பு மட்டத்திலேயே இருக்கின்றது. எமக்கு விளக்குகளும் இராட்டினமும் தெரியும் இடத்தில், அதற்குத் தெரிவது கால்களும் கைப்பைகளுமே. காற்றோட்டம் குறைந்த அவ்வுயரத்தில் வெப்பமும் புழுதியும் அதிகம். சிறுவரின் உடல் நிறையோடு ஒப்பிடுகையில் அவர்களது தோலின் பரப்பு பெரியது. ஆதலால் வெயிலில் விரைவாகச் சூடேறுகின்றனர், நீரில் நனைந்து நின்றால் விரைவாகக் குளிர்ந்தும் போகின்றனர். தாகத்தை எடுத்துச் சொல்லவும் அவர்களுக்குத் தெரிவதில்லை. பிற்பகலில் எழும் அழுகையைப் பிடிவாதம் என்று கண்டிக்கும் பெற்றோர், அது பெரும்பாலும் தாகமோ, பசியோ, தூக்கமோதான் என்பதை உணர்தல் நன்று.

உயரக் கட்டுப்பாடு இன்னொரு விடயமாகும். வேகமாகச் சுழலும், உயரத்திலிருந்து இறங்கும் சாதனங்கள் பலவற்றில் ஏறுவதற்கு 120 சென்ரிமீற்றர் அல்லது அதனை ஒட்டிய உயரம் கோரப்படுவது வழமை. பாதுகாப்புப் பட்டிகள் அவ்வுயரத்துக்கு ஏற்பவே அமைக்கப்படுவதால் இது தளர்த்தப்படக்கூடாத விதியாகும். பிள்ளைகள் அவ்வுயரத்தை ஏழு வயதளவிலேயே எட்டுகின்றனர். ஆகவே மூன்று, ஐந்து வயதுப் பிள்ளைகளுடன் செல்லும் குடும்பம், தான் ஏற முடியாத சாதனங்களுக்கும் சேர்த்தே பணம் செலுத்துகின்றது. புறப்படுவதற்கு முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பின் மூலம் உயர விதிகளையும், உணவு கொண்டுசெல்லும் விதிகளையும், தொழுகைக்கான இட வசதியையும் கேட்டறிந்துகொண்டால் பல ஏமாற்றங்கள் தவிர்க்கப்படும். வெளியுணவுக்கு அனுமதியில்லாத இடத்தில் ஹலால் உணவு கிடைக்குமா என்பதை முஸ்லிம் குடும்பங்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது சாலச் சிறந்தது.

நெரிசல் ஆபத்தாக மாறும் தருணம்

நெரிசல் வெறும் அசௌகரியம் மட்டுமன்று. ஒரு சதுர மீற்றர் இடத்தில் இரண்டு, மூன்று பேர் நிற்கும்போது ஒருவர் தன் விருப்பப்படி நடக்கலாம். அது ஐந்து பேரைத் தாண்டிச் செல்லும்போது நடப்பவரின் விருப்பம் அற்றுப்போய், கூட்டமே ஒரு நீரோட்டம் போல அசையத் தொடங்குகின்றது. தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவொன் பகுதியில் 2022 ஒக்டோபர் 29 அன்று, மூன்று மீற்றர் அளவே அகலமான ஒழுங்கையொன்றில் 159 பேர் உயிரிழந்தமைக்கு இதுவே காரணம். தமிழ்நாட்டின் கரூரில் 2025 செப்டெம்பர் 27 அன்று அரசியற் கூட்டமொன்றில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களுள் சிறு பிள்ளைகளும் அடங்குவர். இத்தகைய அனர்த்தங்களில் பெரும்பாலானோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு அமுக்கப்பட்டு, மூச்சுவிட இடமின்றியே இறக்கின்றனர். பெரியவரின் இடுப்பளவே உயரமான பிள்ளைக்கு அந்நிலை எல்லோருக்கும் முன்னதாகவே வந்துவிடும்.

எனவே கூட்டத்தில் இருபுறமும் தோள்கள் உரசத் தொடங்கும்போதே வெளியேற வேண்டும். தள்ளுமுள்ளு ஆரம்பித்த பின்னர் வெளியேற எண்ணுவது காலங்கடந்த செயலாகும். பிள்ளையை உடனே தூக்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் ஓட்டத்தோடு சரிவாக ஓரத்தை நோக்கி நகர வேண்டும். கீழே விழுந்த செருப்பையோ பையையோ எடுக்கக் குனியலாகாது. நிகழ்ச்சியோ வாணவேடிக்கையோ முடிந்தவுடன் எல்லோரும் ஒரே வாயிலை நோக்கிச் செல்லும் வேளையே மிகவும் ஆபத்தானது. பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவதோ, அரை மணித்தியாலம் தாமதித்துப் புறப்படுவதோ அறிவுடைமையாகும்.

நீர் விளையாட்டுகளில் ஆபத்து இன்னும் மௌனமானது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி உயிரிழந்துள்ளனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகளாவர். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூக்குரல் இடுவதில்லை. கைகளை ஆட்டி உதவி கேட்பதும் இல்லை. முழங்கால் அளவு நீரிலும், சுற்றிலும் நூறு பேர் நிற்கும்போதும் அது நிகழலாம். "எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற நம்பிக்கையே ஒருவரும் பார்க்காமல் இருப்பதற்குக் காரணமாகின்றது. ஆதலால் நீருக்குள் இருக்கும் பிள்ளை, பொறுப்பான ஒருவரின் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் இன்னார் என்று பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும். அவர் கையில் தொலைபேசி இருத்தல் கூடாது.

பிள்ளை காணாமற்போனால்

பிள்ளை தவறிப்போவதைத் தடுக்கவும், தவறினால் விரைவில் கண்டடையவும் சில எளிய ஏற்பாடுகள் போதுமானவை. அன்று காலையில், அணிந்துள்ள உடையோடு பிள்ளையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் நிற்கும் பெற்றோருக்குச் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வருவதில்லை. பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தைச் சட்டையின் உட்புறத்திலோ மணிக்கட்டிலோ எழுதிவிடலாம். பெயரை வெளியே தெரியும்படி எழுதுவது நல்லதன்று. முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிவிடக்கூடும்.

"எங்களைக் காணாவிட்டால் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில்" என்பதையும், சீருடை அணிந்த பணியாளரிடமோ, பிள்ளைகளோடு நிற்கும் தாயொருவரிடமோ உதவி கேட்க வேண்டும் என்பதையும் வீட்டிலேயே விளையாட்டாகப் பலமுறை பழக்கிவிட வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த பிள்ளைக்குத் தன் பெயரையும் தாய் தந்தையரின் பெயர்களையும் தெளிவாகச் சொல்லவும், தொலைபேசி இலக்கத்தைச் சிங்களத்திலும் சொல்லவும் கற்பித்தல் பயனுள்ளதாகும். எமது பகுதிப் பெரியவர்களுக்கு இரு மொழியும் நாவில் இருப்பதனால், பாலர் வகுப்புப் பிள்ளைக்கு அது இன்னும் வாய்க்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

பிள்ளையைக் காணவில்லை என்று தெரிந்த கணமே முதலில் தேட வேண்டிய இடம் நீர்நிலையாகும்; அடுத்து வெளியேறும் வாயிலாகும். ஒருவர் கடைசியாகப் பிள்ளையைக் கண்ட இடத்தை விட்டு அகலாமல் நிற்க, ஏனையோர் தேட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தாமே தேடிக் காலத்தைக் கடத்தாமல் உடனே பணியாளரிடம் அறிவிக்க வேண்டும். பொலிஸ் அவசர அழைப்பு இலக்கமான 119, சிறுவர் பாதுகாப்புக்கான 1929, அம்புலன்ஸ் சேவைக்கான 1990 ஆகிய மூன்று இலக்கங்களும் ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் பதியப்பட்டிருத்தல் வேண்டும். கிடைத்த பிள்ளையை அடிப்பதோ ஏசுவதோ ஆகாது. தொலைந்துபோனால் அடி விழும் என்று அறிந்த பிள்ளை, அடுத்த முறை ஒளிந்துகொள்ளும்.

இவ்விடத்தில் பூங்காக்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றோம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. தனியார் பூங்காவை அவ்வேற்பாடு நேரடியாகக் கட்டுப்படுத்தாதெனினும், மொழிகளை ஏற்றுக்கொண்ட நாடொன்றில் காணாமற்போன பிள்ளை பற்றிய அறிவித்தல் மூன்று மொழிகளிலும் ஒலிப்பது மனிதாபிமானக் கடமையாகும். தமிழ் பேசும் பணியாளர் ஒருவரேனும் தகவல் கூடத்தில் இருப்பது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று.

வீட்டுக்கு அண்மையில் கிடைப்பவை

செல்வதாயின் கணக்கிட்டுச் செல்ல வேண்டும் என்பதே இதுவரை கூறியவற்றின் சாரம். நத்தார் தினத்துக்கு மறுதினத்தையும் வார இறுதி நாட்களையும் தவிர்த்து, வாரநாளொன்றைத் தெரிவுசெய்வதும், வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்று சேர்வதும், இரண்டு மூன்று சாதனங்களோடு திருப்தியடைந்து நண்பகலோடு திரும்புவதும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை. நெடுந்தூரமாயின் முதல்நாளே உறவினர் வீட்டில் தங்குவது நன்று. இரவில் களைத்த சாரதியொருவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீற்றருக்கும் மேல் திரும்பி வருவது, பூங்காவிலுள்ள எந்தச் சாதனத்தையும்விட ஆபத்தானது.

ஆனால் அவ்வளவு தூரம் செல்ல வேண்டுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. முந்தலைச் சூழவுள்ள பகுதி நவம்பர் முதல் மார்ச் வரை தன் சிறந்த காலத்தில் இருக்கின்றது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள ஆனைவிழுந்தான் குளத் தொகுதி, 2001 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. உள்ளூர் நாரைகளோடும் நீர்க்காகங்களோடும், தூரதேசங்களிலிருந்து வலசை வரும் பறவைகளையும் இக்காலத்தில் அங்கு காணலாம். முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் நீர்வழி, ஒல்லாந்தர் காலக் கால்வாயின் கதையைச் சொல்ல வாய்ப்பளிக்கின்றது. கற்பிட்டியில் பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் கோட்டை நிற்கின்றது. அதற்கப்பால் கடலில் இப்பருவத்தில் டொல்பின்கள் கூட்டமாகத் துள்ளுகின்றன. படகில் செல்வோர் தம் பிள்ளைக்குப் பொருத்தமான அளவில் உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டுமே ஏற வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லாதிருப்பதே உசிதம்.

உடப்புக் கரையில் கரைவலை இழுபடுவதை ஒரு காலைப் பொழுதில் பிள்ளைகள் பார்த்து நிற்பதற்கு நுழைவுச்சீட்டு இல்லை; உயரக் கட்டுப்பாடும் இல்லை. கயிற்றின் நுனியைப் பிடித்துப் பார்க்க ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால், மீன் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்விக்கு அது ஆயுள் முழுவதும் மறவாத விடையைப் பெற்றுவிடும். பெருநாள் பலகாரத் தட்டை அயல் வீட்டுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதும் ஒரு விடுமுறை அனுபவமே. முந்தலில் அவ்வாய்ப்பு ஆண்டில் பலமுறை வருகின்றது.

வீட்டுக்கு அருகில் இருப்பதனால் ஆபத்து இல்லை என்று பொருளாகாது. மழைக்காலத்தில் களப்பின் கரையும், ஓடைகளும், கைவிடப்பட்ட இறால் வளர்ப்புத் தொட்டிகளும் ஆழம் தெரியாமல் நிறைந்திருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் கடுமையாகப் பாதித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அதேபோன்று 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் கூடிய ஒரு விடுமுறை நாளாகும். பெரலியவில் ஆழிப்பேரலையில் சிக்கிய புகையிரதத்தில் குடும்பங்களாகப் பயணம் செய்தோர் பலர் இருந்தனர். ஆண்டுதோறும் அதே தினத்தில் காலை 9.25 மணிக்கு நாடு இரண்டு நிமிடங்கள் மௌனம் காக்கின்றது. விடுமுறைக் கொண்டாட்டத்தின் நடுவே அந்த இரண்டு நிமிடங்களையும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வதும், கடல் திடீரென உள்வாங்கினால் ஓடி மேட்டுக்குச் செல்ல வேண்டும் என்று கற்பிப்பதும் அவர்களின் மகிழ்ச்சியைக் குறைத்துவிடாது.

விளையாட்டு ஓர் உரிமை

பெற்றோர் இவ்வளவு தொலைவு செல்வதற்கு அவர்களின் ஆசை மட்டும் காரணமன்று. ஊரில் ஊஞ்சலும் சறுக்குமரமும் நிழல்தரும் மரமும் கொண்ட சிறுவர் பூங்காக்கள் போதியளவு இருந்தால், ஆண்டில் ஒரு நாளை நம்பிப் பணத்தையும் பலத்தையும் செலவழிக்க வேண்டிய நிலை பெருமளவு குறையும். இலங்கை 1991 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு பிள்ளையினதும் உரிமை என்று கூறுகின்றது. நுழைவுக் கட்டணம் செலுத்த வல்ல குடும்பத்தின் பிள்ளைக்கு மட்டுமே அவ்வுரிமை என்று அதில் எழுதப்படவில்லை. மீன்பிடியையும் தோட்டத்தையும் கூலித்தொழிலையும் நம்பி வாழும் முந்தல் பிரதேசக் குடும்பங்களுள், அத்தகைய ஒரு பயணத்தைக் கனவிலும் எண்ண முடியாத வீடுகள் உள்ளன. பிரதேச சபைகளும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களும் ஒன்றுசேர்ந்தால், விடுமுறைக் காலத்திலேனும் பாடசாலை மைதானங்களை மேற்பார்வையுடன் சிறுவர்களுக்குத் திறந்துவிடலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. மாலையில் இரண்டு மணித்தியாலம் பொறுப்பேற்கும் சில பெரியவர்களே வேண்டும்.

சந்திரக் கணக்கின்படி முன்னோக்கி நகர்ந்துவரும் ரமழான், 2030 ஆம் ஆண்டின் டிசெம்பர் இறுதியில் மீண்டும் நத்தார் வாரத்தைச் சந்திக்கவுள்ளது. அவ்வாண்டில் எமது அயல் வீடுகள் சிலவற்றில் பாலன் குடிலும், சிலவற்றில் நோன்புக் கஞ்சியும் ஒரே மாலைப் பொழுதில் ஆயத்தமாகும். இன்று நான்கு வயதான பிள்ளைகள் அப்போது அதனை விளங்கிக்கொள்ளும் வயதை அடைந்திருப்பர். அவர்களுக்கு நாம் கொடுக்கும் விடுமுறை நினைவுகள் எத்தகையன என்பதை இப்போதே தீர்மானிக்கின்றோம்.

தொலைந்து மீண்ட அச்சிறுவனிடம், அடுத்த விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று அவனுடைய வாப்பா பின்னர் ஒருநாள் கேட்டார். களப்புக் கரைக்குப் போய்க் கொக்குப் பார்க்க வேண்டும் என்றும், வாப்பாவும் கூட வர வேண்டும் என்றும் அவன் விடை சொன்னான். அவ்விடையின் இரண்டாம் பகுதியைப் பெற்றோர் அனைவரும் கவனத்திற் கொள்வார்களாக.